தீபாவளி வாரத்துப் பக்கம்

சிதம்பரம்
18.6.2006

அன்புள்ள அண்ணனுக்கு,

நேற்று மாலை எழிலரசியைக் கடலூர் பஸ்ஸில் ஏற்றிவிட்டேன். பத்திரமாக வந்து சேர்ந்திருப்பாள். போனில் சொன்னால் பாதியில் வைத்துவிடுவீர்கள், அதனால் எழுதுகிறேன். காகிதத்தை அப்படி வைக்க முடியாது.

உங்கள் மகள் எங்கள் ஆய்வுக்கூடத்து டிரெட்மில்லில் பதினொரு நிமிடம் ஓடினாள். மூக்கில் கிளிப், வாயில் குழாய், கண்ணில் தண்ணீர். நிறுத்தட்டுமா என்று சைகை காட்டினேன், தலையை ஆட்டி மறுத்துவிட்டாள். பிடிவாதத்தில் அப்படியே உங்களை உரித்து வைத்திருக்கிறாள்.

முடிவு நன்றாகவே இருக்கிறது. உச்ச வேகத்தில் அவள் உடம்பு நிமிடத்துக்கு 2600 மில்லி ஆக்சிஜன் எடுத்துக்கொள்கிறது. ஆளுக்கு ஆள் எடை வேறு என்பதால், கிலோவுக்கு இவ்வளவு என்று வகுத்துச் சொல்வது எங்கள் விளையாட்டு உடலியல் துறையில் வழக்கம். அவள் எடை ஐம்பது கிலோ. ஆக, ஐம்பத்திரண்டு. இவ்வளவு நாளும் தெருப் பள்ளத்திலும் கடற்கரை மணலிலும் ஓடிய பெண்ணுக்கு இது பெரிய எண்.

கூடவே மாதத்துக்கு ஒன்றாகச் சில நோட்டும் கொடுத்தனுப்பியிருக்கிறேன். காலையில் கண் விழித்ததும், எழுவதற்கு முன்னால், மணிக்கட்டில் விரல் வைத்து ஒரு நிமிடம் நாடியை எண்ண வேண்டும். முதல் கட்டத்தில் அது. இரண்டாவதில் எடை. மூன்றாவதில் மாதவிடாய் வந்த நாள். கடைசியில், வலி ஏதும் இருந்தால் குறிப்பு. அவளுக்கு நாடி ஐம்பத்து நான்கை ஒட்டி இருக்கிறது. அறுபதைத் தாண்டினால் அன்று கடும் பயிற்சி கூடாது. நடந்துவிட்டு வீட்டுக்கு வந்துவிட வேண்டும்.

இதில்தான் நீங்கள் சண்டை பிடிப்பீர்கள். ஆனாலும் சொல்கிறேன். ஓட்டம் உடம்பைக் கலைத்துத்தான் போடுகிறது. சாப்பாட்டிலும் தூக்கத்திலும்தான் உடம்பு அதைத் திரும்பக் கட்டுகிறது, முன்பைவிடக் கொஞ்சம் உறுதியாக. கட்டி முடிக்கும் முன்பே மறுபடி கலைத்தால் மிஞ்சுவது ஒன்றுமில்லை. காலை நாடி அதைத்தான் சொல்கிறது. மாதக் கடைசியில் நோட்டைத் தபாலில் அனுப்புங்கள். என் பிஎச்.டி. ஆராய்ச்சியிலும் அவளைச் சேர்த்துக்கொள்கிறேன். பதினொரு பேர் இருக்கிறார்கள், இவள் பன்னிரண்டாவது.

அண்ணியைக் கேட்டதாகச் சொல்லவும்.

அமராவதி


கடலூர்
27.6.2006

அமராவுக்கு,

கடிதம் கிடைத்தது. இருபத்திரண்டு வருஷமாக பி.டி. மாஸ்டராக இருக்கிறவனுக்கு, பிள்ளைகளை எப்போது உட்காரவைக்க வேண்டும் என்று தங்கை நோட்டுப் போட்டுக் கொடுத்திருக்கிறாள். ரொம்ப சந்தோஷம். உன்னை நான் ஓடவிட்டபோது உன் நாடியை யார் எண்ணினார்கள்? நானூறு மீட்டரில் கப் வாங்கினாயே, அது நோட்டைப் பார்த்து வாங்கியதா?

கோபித்துக்கொள்ளாதே. எழில் எழுதுகிறேன் என்று சொல்லிவிட்டாள். என் பேச்சை விட உன் பேச்சுக்கு வீட்டில் மரியாதை ஜாஸ்தி. வந்ததும் அவள் அம்மாவிடம், "அத்தை லேப்புல என் மூச்சையே படம் போட்டுக் காட்டுனாங்கம்மா" என்று ஒரே பெருமை. தில்லையம்மாளுக்கு ஒன்றும் புரியவில்லை. "மூச்ச எதுக்குடி படம் புடிக்கிறாங்க" என்று என்னைக் கேட்கிறாள்.

எனக்கு வேண்டியது ஒன்றுதான், நீயும் மறக்காதே. நவம்பரில் திருச்சியில் மாநிலப் போட்டி. 1500 மீட்டரில் முதல் மூன்று இடத்துக்குள் வந்தால் சான்றிதழ். அது கையில் இருந்தால் விளையாட்டு ஒதுக்கீட்டில் போலீஸ் வேலைக்கு எழுதலாம். இப்போது அவள் நேரம் 4 நிமிடம் 58 விநாடி. 4:48 வந்தாக வேண்டும். அந்தப் பத்து விநாடிதான் என் பெண்ணின் வாழ்க்கை. இந்த வருஷம் விட்டால் அவள் மாமாக்கள் மாப்பிள்ளை பார்க்க ஆரம்பித்துவிடுவார்கள், பிறகு அவள் கிரவுண்டுப் பக்கமே வர முடியாது.

உன் கடிதத்தில் ஒரு விஷயம் எனக்குப் பிடித்தது. 2600-ஐ 50-ஆல் வகுத்தால் 52. இதையே 46-ஆல் வகுத்துப் பார்த்தேன், 56½ வருகிறது. பி.டி. மாஸ்டர் என்றாலும் வகுத்தல் கணக்கு தெரியும் அம்மா. ஒரு மீட்டர் கூட ஜாஸ்தி ஓடாமல் நாலரை கூடுகிறதே. இதை முதலிலேயே சொல்லியிருக்கலாம்.

ராஜமாணிக்கம்


சிதம்பரம்
9.7.2006

அன்புள்ள அண்ணனுக்கு,

அந்தக் கணக்கைத் தயவுசெய்து போடாதீர்கள். வகுப்பது ஆளோடு ஆளை ஒப்பிட மட்டும்தான். எடை குறையும்போது கொழுப்பு மட்டும் போகாது, தசையும் போகும், இரத்தமும் குறையும். அப்போது மேலே இருக்கும் 2600 அப்படியே நிற்காது. அவள் ஏற்கெனவே ஒல்லி. குறைக்க அவளிடம் ஒன்றும் இல்லை.

இன்னொன்று. எழுதச் சங்கடமாக இருக்கிறது, இருந்தாலும் எழுதியாக வேண்டும். சாப்பாடு போதாமல் நிறைய ஓடும் பெண்களுக்கு மாதவிடாய் நின்றுவிடும். நின்றால் எலும்பு உள்ளுக்குள் வலுவிழக்கும், வெளியே தெரியாது. அதற்காகத்தான் அந்த மூன்றாவது கட்டம். நீங்கள் கேட்க முடியாது என்று எனக்குத் தெரியும். அண்ணியைக் கேட்கச் சொல்லுங்கள்.

தண்ணீரையும் நிறுத்தாதீர்கள். "தண்ணி குடிச்சா வயிறு குலுங்கும்" என்று எங்களையெல்லாம் காயப்போட்டீர்களே, அது தவறு.

அமராவதி


கடலூர்
10.9.2006

அமராவுக்கு,

ஜூலை, ஆகஸ்ட் இரண்டு நோட்டும் அனுப்பியிருந்தேன், கிடைத்திருக்கும்.

ஒரு தகப்பனுக்கு எழுதுகிற விஷயமா அது? கடிதத்தைப் படித்துவிட்டு மடித்து எங்கே வைப்பது என்று தெரியாமல் சட்டைப் பையிலேயே இரண்டு நாள் வைத்திருந்தேன். கடைசியில் தில்லையம்மாளிடம் ஜாடையாகக் கேட்டேன். "மாசாமாசம் மூணு நாளு சாமி ரூம் பக்கமே வராம தள்ளிதான் உக்காருது. உங்களுக்கு எதுக்கு இந்த விசாரணையெல்லாம்" என்று திட்டிவிட்டுப் போனாள். எல்லாம் ஒழுங்காக இருக்கிறது. போதுமா? இனிமேல் அதைப் பற்றி எழுதாதே.

தண்ணீர் கொடுக்கிறேன். உனக்காக.

நேரம் 4:51 வந்துவிட்டது. திங்கட்கிழமை கேப்பர் மலை ஏற்றம், புதன் தேவனாம்பட்டினம் மணல், வெள்ளி கிரவுண்டில் நானூறு நானூறாக ஆறு. சுனாமி அலை வந்து போனதிலிருந்து அவள் அம்மாவுக்குக் கடற்கரை என்றாலே ஆகாது, அதனால் மணலுக்குப் போகிற அன்று நானும் கூடவே சைக்கிளில் போகிறேன். ராத்திரி சோற்றை அவளே நிறுத்திவிட்டாள், நான் சொல்லவில்லை. வகுத்தல் கணக்கை அவளிடம் காட்டியதென்னவோ உண்மை. எடை 47.

ராஜமாணிக்கம்


சிதம்பரம்
6.11.2006

அன்புள்ள அண்ணனுக்கு,

அக்டோபர் நோட்டும் வந்துவிட்டது. நான்கு மாதத்தையும் வரைபடமாக வரைந்து என் வழிகாட்டியிடம் காட்டினேன். பன்னிரண்டு பேரில் எழிலின் கோடுதான் நேராக இருக்கிறது. ஜூலையில் கொஞ்சம் ஏறி இறங்கியது, செப்டம்பரிலிருந்து ஐம்பத்து நான்கிலேயே நிற்கிறது. பயிற்சியைக் கூட்டியும் நாடி ஏறவில்லை என்றால் உடம்பு அதை ஏற்றுக்கொண்டுவிட்டது என்று பொருள். "இந்தப் பெண்ணை வைத்தே ஓர் அத்தியாயம் எழுதலாம்" என்றார். அன்று முழுக்க எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

எடை 45 என்று பார்த்தேன். அது ஒன்றுதான் உறுத்துகிறது. ஆனால் நாடி சரி, மூன்றாவது கட்டமும் சரி, குறிப்பில் வலி எதுவும் இல்லை. போட்டி முடிந்ததும் ஒரு மாதம் இங்கே என்னிடம் விட்டுவிடுங்கள், சாப்பாடு போட்டுத் தேற்றி அனுப்புகிறேன்.

தீபாவளிக்கு வர முடியவில்லை. அண்ணி கொடுத்தனுப்பிய அதிரசம் கிடைத்தது.

அமராவதி


கடலூர்
19.11.2006

அமராவுக்கு,

வியாழக்கிழமை திருச்சி கிளம்புகிறோம். சனிக்கிழமை ஓட்டம். தொடைச் சதை கொஞ்சம் பிடித்தாற்போல் இருக்கிறது என்றாள், தைலம் தேய்த்துவிட்டிருக்கிறேன். போட்டி நெருங்கினால் எல்லாப் பிள்ளைகளுக்கும் எங்காவது பிடிக்கும். நீ வர வேண்டாம், உன்னைப் பார்த்தால் அவள் ஆய்வுக்கூடத்தை நினைத்துக்கொள்வாள். ஜெயித்துவிட்டு இருவரும் சிதம்பரம் வழியாகத்தான் வருவோம்.

ராஜமாணிக்கம்


கடலூர்
3.12.2006

அமராவதிக்கு,

நீ ஆஸ்பத்திரிக்கு வந்து வராந்தாவில் மூன்று மணி நேரம் நின்றாயாம். உள்ளே விட வேண்டாம் என்று சொன்னது நான்தான். தில்லையம்மாளைக் குறை சொல்லாதே.

நடந்ததை நீயும் தெரிந்துகொள். கடைசி முந்நூறு மீட்டர். இரண்டாவதாக வந்துகொண்டிருந்தாள். வளைவில் இடது காலை ஊன்றினாள், கால் அவளோடு போகவில்லை. விழுந்துவிட்டாள். நான் வேலிக்கு வெளியே நின்று எழுந்திரு எழுந்திரு என்று கத்தினேன். நான் கத்தியதால் மூன்று தடவை எழப் பார்த்தாள். எலும்பு உடைந்த பெண்ணை மூன்று தடவை எழ வைத்திருக்கிறேன்.

இடுப்போடு சேர்கிற இடத்தில் தொடை எலும்பின் கழுத்து முறிந்துவிட்டது. விழுந்ததால் முறியவில்லையாம், பல வாரமாகவே மயிரிழை அளவுக்குக் கீறல் இருந்திருக்கிறதாம், அதன் மேலேயே ஓடி ஓடி முறிந்ததாம். மூன்று ஸ்க்ரூ போட்டிருக்கிறார்கள். எலும்பின் தலைக்கு இரத்தம் போகிறதா என்று போகப் போகத்தான் தெரியும் என்கிறார்கள். ஓட்டத்தைப் பற்றிக் கேட்டேன். முதலில் நடக்கட்டும் என்று சொல்லிவிட்டு டாக்டர் அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார்.

பிறகு இன்னொரு டாக்டர் அம்மா வந்து எங்கள் முன்னாலேயே எழிலைக் கேட்டார்கள், கடைசியாக எப்போது தலைக்குக் குளித்தாய் என்று. அவள் சுவரைப் பார்த்துக்கொண்டு, "ஏழு மாசம் ஆவுது" என்றாள். தில்லையம்மாள் அவள் முகத்தைத் தன் பக்கம் திருப்பி, "மாசாமாசம் மூணு நாளு தள்ளி உக்காந்தியேடி, அது இன்னாடி" என்று கேட்டதற்கு, "உக்காராட்டி நீ இன்னா ஏதுன்னு கேப்ப. ஊர்ல வேற மாதிரி பேசுவாங்க. அதாம்மா" என்றாள். ஏழு மாசமும் ஒன்றும் இல்லாமலே பாயைத் தனியாகப் போட்டுப் படுத்திருக்கிறாள். பெற்றவளுக்குத் தெரியவில்லை.

எங்களுக்குத் தெரியாமல் போனது சரி. நீ படித்தவள். உன்னிடம் நோட்டு இருந்தது. நாடி, மூச்சு, எடை என்று அளந்து அளந்து எழுதினாய். ஐம்பத்திரண்டு என்று நீ எண்ணைச் சொல்லாதவரை என் பெண் ராத்திரி சோறு தின்றுகொண்டிருந்தாள். பிள்ளை பெற்றிருந்தால் உனக்கு உறைத்திருக்கும். உனக்கு அவள் பன்னிரண்டாவது ஆள்.

இனி என் வீட்டுப் படி ஏறாதே. கடிதமும் வேண்டாம்.

ராஜமாணிக்கம்


சிதம்பரம்
17.12.2006

அண்ணனுக்கு,

வேண்டாம் என்று சொன்ன பிறகும் எழுதுகிறேன். படிக்காமல் கிழித்துப் போட்டாலும் சரி.

பிள்ளை பெறாதவள் என்று எழுதியிருந்தீர்கள். அந்த வரி வலித்தது, வலிக்கவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன். ஆனால் அதற்கு முன்னால் இருந்த இன்னொரு வரிதான் என்னைத் தூங்கவிடவில்லை. என்னிடம் நோட்டு இருந்தது.

நேற்று நான்கு நோட்டையும் தரையில் விரித்து வைத்தேன். மூன்றாவது கட்டத்தில் எழில் குறித்திருக்கும் நாட்கள்: ஜூலை 3, ஜூலை 31, ஆகஸ்ட் 28, செப்டம்பர் 25, அக்டோபர் 23. சரியாக இருபத்தெட்டு நாளுக்கு ஒரு முறை, ஐந்தும் திங்கட்கிழமை. எந்தப் பெண்ணுக்கு அப்படி வரும்? எனக்கு வந்ததில்லை, அண்ணிக்கு வந்திருக்காது. காலண்டரைப் பார்த்து எழுதியிருக்கிறாள். நாடியும் அப்படித்தான். அக்டோபரில் இருபத்து மூன்று நாள் ஐம்பத்து நான்கு. உயிரோடு இருக்கிற நெஞ்சு அப்படி அடிக்காது, அண்ணா. ஒரு நாள் இரண்டு கூடும், ஒரு நாள் மூன்று குறையும். சரியாகத் தூங்காவிட்டால் ஏறும், மலை ஏறிய மறுநாள் ஏறும்.

மற்ற பதினொரு பேரில் யாராவது இப்படி எழுதி அனுப்பியிருந்தால் முதல் வாரமே கூப்பிட்டு விரட்டியிருப்பேன். ஒரு பையனை அப்படி விரட்டியும் இருக்கிறேன். இவள் என் அண்ணன் மகள். கோடு நேராக இருந்தது, வழிகாட்டி பாராட்டினார், எனக்கு ஓர் அத்தியாயம் கிடைத்தது. எனக்குத் தெரியவில்லை என்று சொல்ல மாட்டேன். தெரிந்துகொள்ள நான் விரும்பவில்லை.

நாடியையும் அவளே புனைந்து எழுதினாளா? அது மட்டும் எனக்குப் புரியவில்லை. ஓய்வு கிடைக்கிற எண்ணை எந்தப் பிள்ளையாவது மறைக்குமா? அவளிடம் கேட்காதீர்கள். இப்போது வேண்டாம்.

அமராவதி


சிதம்பரம்
21.1.2007

அண்ணனுக்கு,

பதில் இல்லை. பொங்கலுக்கு வந்தேன், கதவு பூட்டியிருந்தது. அண்ணி எழிலைக் கூட்டிக்கொண்டு ஸ்ரீமுஷ்ணத்துக்குப் போய்விட்டதாகப் பக்கத்து வீட்டில் சொன்னார்கள். நீங்கள் மட்டும் இருக்கிறீர்களாம், சாப்பாட்டுக்கு என்ன செய்கிறீர்கள் என்று யாருக்கும் தெரியவில்லை.

எழிலின் அத்தியாயத்தை ஆராய்ச்சியிலிருந்து எடுத்துவிட்டேன். எண்கள் பொய் என்று வழிகாட்டியிடம் எழுதியே கொடுத்தேன். ஒரு வருடம் தள்ளிப்போகிறது. அதைப் பெரிய தியாகமாகச் சொல்ல வரவில்லை. ஒரு பெண்ணின் கால் போயிருக்கிறது, என் காகிதம் போனால் என்ன?

இன்னொன்று சொல்ல வேண்டும். இதுவரை யாருக்கும் சொன்னதில்லை. எனக்குப் பத்தொன்பது வயதில், நீங்கள் என்னை நானூறு மீட்டருக்குத் தயார் செய்தபோது, எனக்கும் நின்றிருந்தது. ஐந்து மாதம். எனக்கு நிம்மதியாக இருந்தது, அண்ணா. துணி அலசும் வேலை இல்லை, வெள்ளை டிரவுசரில் பயமில்லாமல் ஓடலாம். அந்த வருடம்தான் கப் வாங்கினேன். பிறகு இந்தத் துறையில் படித்தபோதுதான் அது என்னவென்று புரிந்தது. அந்த மூன்றாவது கட்டத்தை நோட்டில் போட்டதே அதனால்தான்.

ஆனால் எழில் ஒரு நாள் முழுக்க என்னோடு ஆய்வுக்கூடத்தில் இருந்தாள். மாதவிடாய் ஒழுங்காக வருகிறதா என்று படிவத்தைப் பார்த்தபடியே கேட்டேன். "ம்" என்றாள். நானும் டிக் அடித்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போனேன். நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்திருந்தால் போதும். எனக்கும் நின்றதுடி என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவள் வாயைத் திறந்திருப்பாள்.

கட்டம் போடத் தெரிந்தது. கேட்கத் தெரியவில்லை.

அமராவதி


கடலூர்
4.3.2007

அமரா,

நான்கு தடவை எழுதிக் கிழித்தேன். இது ஐந்தாவது.

நாடியை அவள் புனைந்து எழுதவில்லை.

செப்டம்பர் முதல் வெள்ளிக்கிழமை. அன்று ஆறு நானூறு ஓட வேண்டிய நாள். விடிகாலையில் எழுப்பப் போனேன். படுத்தபடியே எண்ணிவிட்டு, "அறுவத்தொண்ணு இருக்குதுப்பா" என்றாள். உன் விதிப்படி அன்று நடைதான். எனக்குப் போட்டி வரைக்கும் எத்தனை வெள்ளிக்கிழமை மிச்சம் என்று மனசுக்குள் ஓடியது. "சரியா எண்ணு" என்றேன். மறுபடி எண்ணினாள். "அறுவது." "இன்னொரு தபா எண்ணு." மூன்றாவது முறை விரலை மணிக்கட்டில் வைத்துக்கொண்டு என் முகத்தையே பார்த்தாள். "அம்பத்து நாலுப்பா" என்றாள். நான் நல்லது, எழுந்திரு என்றேன்.

அதன் பிறகு நான் கேட்கவே வேண்டியிருக்கவில்லை. ஏறக்குறைய தினமும் அதையே எழுதினாள். நான் ஒரு நாளும் பொய் எழுது என்று சொல்லவில்லை. இதைச் சொல்லிச் சொல்லித்தான் இத்தனை நாள் என்னை நானே சமாதானம் செய்துகொண்டிருந்தேன். அந்தச் சமாதானமும் முழுசாக உண்மை இல்லை. அதைத்தான் எழுத வந்தேன்.

தீபாவளி வாரம் அவள் நிஜத்தை எழுதினாள். அந்த ஒரு வாரம் மட்டும். அத்தை பார்க்கட்டும் என்று நினைத்துத்தான் எழுதியிருக்க வேண்டும். மாதக் கடைசியில் தபாலில் போடுவதற்கு முன்னால் நோட்டைப் புரட்டினேன், கண்ணில் பட்டது. அந்தப் பக்கத்தைக் கிழித்தேன். அவள் பேனாவை எடுத்து அவள் கையெழுத்து மாதிரியே புதுப் பக்கம் எழுதி ஒட்டினேன். ஏழு நாளும் ஐம்பத்து நான்கு. குறிப்பில் ஒன்றும் இல்லை. உன் வழிகாட்டி பாராட்டிய கோட்டில் அந்த வாரம் என் கையெழுத்து.

கிழித்த பக்கத்தை எரிக்க மனசு வரவில்லை. ஸ்டாப்வாட்ச் பெட்டியில் மடித்து வைத்திருந்தேன். இத்துடன் வைத்திருக்கிறேன். 63, 66, 65, 68, 69, 71, 70. குறிப்பில் அவள் எழுதியிருப்பதை நீயே படித்துக்கொள். எனக்கு மனப்பாடம்.

அந்தக் கடிதத்தில் உன்னைப் பிள்ளை பெறாதவள் என்று எழுதிய கை இதுதான். பெற்றவன் என்ன செய்தேன் என்று உனக்குத் தெரிய வேண்டும். தில்லையம்மாளிடம் நேற்றே ஸ்ரீமுஷ்ணம் போய்ச் சொல்லிவிட்டேன். எழிலிடம் சொல்லப் போனபோது, "தெரியும்ப்பா. மாசக் கடைசி நாளு எழுதறப்ப பக்கம் ஒட்டியிருந்த பசை கையில பட்டுச்சு" என்றாள். அவள் தெரிந்துகொண்டேதான் திருச்சிக்கு வந்திருக்கிறாள்.

ராஜமாணிக்கம்


சிதம்பரம்
11.3.2007

அண்ணனுக்கு,

பக்கம் கிடைத்தது. "இடது தொடை இடுக்கில் வலி. படி இறங்கும்போது ஜாஸ்தி. ராத்திரி படுத்திருக்கும்போதும் வலிக்குது. அத்தை இது என்ன."

கேள்விக்குறி கூடப் போடவில்லை. என்னைத்தான் கேட்டிருக்கிறாள், பதில் சொல்ல ஆளில்லை. இந்தப் பக்கம் நவம்பர் முதல் வாரம் என் கைக்கு வந்திருந்தால் அன்றே பஸ் ஏறியிருப்பேன். படுத்திருக்கும்போதும் தொடை இடுக்கில் வலித்தால் எலும்பு என்று இரண்டாம் ஆண்டு மாணவிக்குக் கூடத் தெரியும். ஆறு வாரம் காலை ஊன்றாமல் இருந்திருந்தால் கீறல் தானாகக் கூடியிருக்கும்.

உங்கள் மேல் எனக்கு ஆத்திரமாக இருக்கிறது. இதை மென்று முழுங்கி எழுதத் தெரியவில்லை. மன்னித்துவிட்டேன் என்று எழுதினால் அதுவும் நோட்டில் எழுதிய எண் போலத்தான் இருக்கும். உங்கள் கடிதத்தைப் பத்து முறையாவது படித்தேன். ஒவ்வொரு முறையும் அந்த மூன்றாவது எண்ணலில் நின்றுவிடுகிறேன். அவள் உங்கள் முகத்தைப் பார்த்து எண்ணியிருக்கிறாள், நான் வழிகாட்டியின் முகத்தைப் பார்த்து. ஆகவே என்னிடம் மன்னிப்புக் கேட்க வேண்டாம். அதைக் கொடுக்கும் இடத்தில் நான் இல்லை.

ஆனால் வேலை பாக்கி இருக்கிறது. டாக்டர் ஊன்றச் சொன்னதும் அவளைக் கடலூருக்குக் கூட்டிவரச் சொல்லுங்கள். முதல் வாரம் வாக்கரோடு ஐந்து நிமிடம், பிறகு பத்து. மூன்று வேளையும் சோறு, முட்டை, கீரை, பால். புது நோட்டு அனுப்புகிறேன், அதே நான்கு கட்டம். அவளுக்கு இஷ்டம் இருந்தால் எழுதட்டும், இல்லாவிட்டால் வேண்டாம். எழுதினால் தபாலில் போடுவதற்கு முன் நீங்கள் திறக்கக் கூடாது. இது ஒன்றுதான் நான் உங்களிடம் கேட்பது.

அமராவதி


கடலூர்
17.6.2007

அமரா,

சித்திரையில் இரண்டு பேரும் வந்துவிட்டார்கள். தில்லையம்மாள் சமைக்கிறாள், என்னோடு தேவைக்கு மட்டும் பேசுகிறாள். எழில் இப்போது கைத்தடியோடு கெடிலம் பாலம் வரை போய்த் திரும்புகிறாள். இடது கால் முக்கால் அங்குலம் குட்டையாகிவிட்டது. ஓட முடியாது என்று போன வாரம் டாக்டர் முடிவாகச் சொல்லிவிட்டார். அவள் அதைக் கேட்டுவிட்டு, "சரிங்க சார்" என்றாள்.

போலீஸ் வேலைக்கு விண்ணப்பம் கொடுக்கிற தேதி வந்து போய்விட்டது. நான் பேப்பரை அவள் கண்ணில் படாமல் எடுத்து வைத்தேன். அவள் பார்த்துவிட்டிருந்தாள்.

பள்ளியில் இப்போது பிள்ளைகள் வலிக்கிறது என்று சொன்னால் உட்காரச் சொல்லிவிடுகிறேன். நடிக்கிறவனும் இருக்கிறான், தெரிகிறது. உட்காரட்டும். மற்ற மாஸ்டர்கள் ராஜமாணிக்கத்துக்கு வயசாகிவிட்டது என்கிறார்கள். சிரித்துக்கொள்கிறேன்.

உன் நோட்டு மூன்று மாசமாக அலமாரியிலேயே கிடந்தது. நான் எடுத்துக் கொடுக்கவில்லை, அவளும் கேட்கவில்லை. இன்று காலை என்னைக் கூப்பிட்டாள். "அப்பா, ஒரு நிமிஷம் டைம் பாத்துச் சொல்லு." படுத்தபடி மணிக்கட்டில் விரல் வைத்திருந்தாள். நான் ஸ்டாப்வாட்சை எடுத்துக்கொண்டு கட்டில் பக்கத்தில் போய் நின்றேன். அவள் கண் என் முகத்துக்கு வந்தது, அப்போது தயங்கினாள். எனக்குப் புரிந்தது. நான் திரும்பிச் சுவரைப் பார்த்து நின்றுகொண்டேன். ஆரம்பி என்றேன். ஒரு நிமிஷம் ஆனதும் நிறுத்து என்றேன். அந்த ஒரு நிமிஷம் எவ்வளவு நீளம் என்று இத்தனை வருஷம் வாட்சைப் பிடித்தும் எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

பின்னால் பேனா எழுதுகிற சத்தம் கேட்டது. ஒரு கட்டத்தில் எழுதினாளா, நான்கிலும் எழுதினாளா தெரியாது. நோட்டைக் கவரில் போட்டு அவளே ஒட்டினாள். இந்தக் கடிதத்தைத் தனியாகத்தான் போடுகிறேன். அவள் கவரைக் காலையிலேயே தடியை ஊன்றிக்கொண்டு போய் அவளே பெட்டியில் போட்டுவிட்டாள்.

அதில் எத்தனை என்று எனக்குத் தெரியாது.

அண்ணன்